கைபேசி எண்ணட்டும், கால்கள் நடக்கட்டும்

அதிகாலையில் முசிறியிலிருந்து குளித்தலைக்குச் செல்லும் காவிரிப் பாலத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். நடைப் பயிற்சிக்கு வருவோர் சிலர் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து, "இன்று நாலாயிரம் அடி!" என்று மகிழ்வார்கள். காலில் எந்தக் கருவியும் கட்டவில்லை. பைக்குள் கிடந்த கைபேசி அடிகளை எப்படி எண்ணிற்று? அப்படி எண்ணுவதால் நோய் குறையுமா? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண்போம்.

கைபேசிக்குள் முடுக்கமானி என்னும் நுண்கருவி உள்ளது. சிலிக்கனில் செதுக்கப்பட்ட ஒரு சிறு எடை, மிக மெல்லிய சிலிக்கன் வில்களில் தொங்குகிறது. ஓடும் பேருந்து திடீரென நின்றால் நாம் முன்னால் சாய்கிறோம் அல்லவா? அதுபோலவே கைபேசி அசையும்போது இந்த எடையும் சற்றே விலகுகிறது. எடையோடு இணைந்த தகடுகளுக்கும் நிலையான தகடுகளுக்கும் உள்ள இடைவெளி மாறுகிறது. அதனால் மின்தேக்குத் திறனும் மாறுகிறது. அம்மாற்றமே முடுக்கத்தின் அளவு.

மேசையில் அசையாமல் கிடக்கும்போதும் இக்கருவி ஏறத்தாழ 9.8 மீ/வி² எனக் காட்டும். அது புவியீர்ப்பின் விளைவு. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் இந்த அளவு ஏறி இறங்கும். சாதாரண நடையில் இது வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு முறை, சீராக நிகழும். பேருந்தின் குலுக்கலில் இந்தச் சீர் இராது. சீரான ஏற்ற இறக்கங்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கைபேசி எண்ணுகிறது.

இதை நீங்களே சோதிக்கலாம். மனத்துக்குள் எண்ணியபடி 100 அடிகள் நடங்கள். முதலில் கைபேசியைச் சட்டைப் பையில் வையுங்கள். அடுத்த முறை, தள்ளிச் செல்லும் சைக்கிளின் கைப்பிடியில் தொங்கும் பைக்குள் வையுங்கள். இரு முறையும் பிழை எத்தனை சதவீதம்? வேறுபாடு ஏன்? கைபேசி உங்கள் கால்களைப் பார்ப்பதில்லை, தன் குலுக்கலை மட்டுமே அறிகிறது என்பது விளங்கிவிடும்.

நாள்தோறும் 10,000 அடி நடக்க வேண்டும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்த எண் மருத்துவ ஆய்வில் பிறந்ததன்று. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயருக்கே 'பத்தாயிரம் அடி மானி' என்றுதான் பொருள். 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்த மூதாட்டிகளைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. ஏறத்தாழ 7,500 அடிக்குமேல் கூடுதல் பலன் தென்படவில்லை. ஆகவே பத்தாயிரத்தை எட்ட முடியவில்லையே என்று நடையையே கைவிடுவது பேதைமை.

இனி இரண்டாம் கேள்வி. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு நோய் இருப்பதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் எல்லையில் நிற்பதாகவும் 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு மதிப்பிட்டது. எல்லையில் நிற்பவர் உணவாலும் உழைப்பாலும் நோயைத் தள்ளிப்போட இயலும். வழி தெரியாமல் இல்லை. அது மறந்துபோகிறது என்பதுதான் சிக்கல்.

அந்த மறதிக்கு மருந்து தேடியவர் சென்னை நீரிழிவு மருத்துவர் அ. ராமச்சந்திரன். அவரும் அவருடைய குழுவினரும் நீரிழிவின் எல்லையில் இருந்த 537 ஆண் பணியாளர்களை இரு பிரிவாக்கினர். தொடக்கத்தில் எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சி பற்றிய அறிவுரை வழங்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு மட்டும் அவரவர் மனநிலைக்கு ஏற்ற குறுஞ்செய்திகள் அடிக்கடி அனுப்பப்பட்டன. முடிவு 2013-இல் வெளியாயிற்று. இரண்டு ஆண்டுகளில், செய்தி பெறாத 266 பேரில் 73 பேருக்கு நீரிழிவு வந்தது. செய்தி பெற்ற 271 பேரில் 50 பேருக்கே வந்தது. அதாவது 27 சதவீதம் 18 சதவீதமாகக் குறைந்தது. மாத்திரையோ, விலையுயர்ந்த கடிகாரமோ தரப்படவில்லை. சில வரிச் செய்திகள்தான்!

எனினும் ஒன்றைக் கவனியுங்கள். செய்தி பெற்றும் 50 பேருக்கு நோய் வந்தது. ஆய்வில் பெண்கள் இல்லை. எனவே கைபேசி மருத்துவருக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் மாற்று ஆகாது. அது நல்ல நினைவூட்டி, அவ்வளவே.

அந்த நினைவூட்டியாக நீங்களும் ஆகலாம், மாணவ நண்பர்களே! ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 1,120 பிட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் வீதம் 160 எழுத்துகள் அதில் அடங்கும். தமிழுக்குக் குறியீடு ஒன்றுக்கு 16 பிட் தேவை; ஆகவே 70 குறியீடுகளே அடங்கும். 'நீ' என்னும் ஓரெழுத்துக்கே இரண்டு குறியீடுகள் வேண்டும். ஆனாலும் இடம் போதும். பகலெல்லாம் கடையில் உட்கார்ந்திருக்கும் தந்தைக்கு இன்று மாலை இப்படி எழுதுங்கள்: "கடையிலிருந்து நடந்தே வாருங்கள் அப்பா". எண்ணிப் பாருங்கள், 36 குறியீடுகள்தான். முடிந்தால் எதிரே சென்று அவரோடு சேர்ந்து நடந்து வாருங்கள்.