திருக்கோணமலைக் கரையில் அருகித் தோன்றும் வலசைப் பறவைகள்

சத்திமுத்தப் புலவர் தம் மனையாளிடம் தூதாக விடுத்தது செங்கால் நாரையை. பருவந்தோறும் தென்கோடிவரை வந்து வடக்கே மீளும் பறவை அது என்பதை அவர் அறிந்திருந்தார். பறவைகளின் வலசையைத் தமிழர் பண்டே கண்டிருந்தனர் என்பதற்கு இதுவும் ஒரு சான்று. அந்நாரை இன்று இலங்கையில் எப்பொழுதேனும் காணப்படும் அரும்பறவை. ஆயின் அருமை என்பது பறவையின் இயல்பன்று, இடத்தைப் பொறுத்தது. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்து நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்திற்கு ஆண்டுதோறும் கூட்டமாக வருகிறது. இலங்கையில் ஒன்று இறங்கினும் அது செய்தியாகிவிடும்.

வடதுருவத்தை அடுத்த நிலங்களிற் குஞ்சு பொரித்த உள்ளான்களுட் பல இந்தியாவின் கீழைக் கரையைப் பற்றி வந்து, கோடியக்கரையிலிருந்து பாக்குநீரிணையைக் கடந்து, யாழ்ப்பாணக் களப்புகளையும், 1951இல் சரணாலயமாக்கப்பட்ட கொக்கிளாய்க் களப்பையும் தொட்டுத் தெற்கே செல்கின்றன. திருக்கோணமலைத் துறைமுகமோ ஆழம் மிக்கது. பெருங்கப்பலுக்கு உகந்த அவ்வாழம் சேற்றில் நடந்து இரைதேடும் பறவைக்குப் பயன்படாது. அவற்றுக்கு வேண்டிய சேற்றுநிலம் தம்பலகாமக் குடாவின் ஓரங்களிலும், மகாவலி கடலோடு கலக்கும் கொட்டியாரக் குடாவின் கரையிலும் உண்டு. துறைமுக மேடையில் நின்று நோக்கிவிட்டு, இங்கே பறவையே இல்லை என்று தீர்ப்புக் கூறுவோர் அவ்விடங்களுக்குச் செல்வதில்லை.

வழிதவறி வருவனவற்றுட் பல அவ்வாண்டிற் பிறந்த இளம்பறவைகளாகும். உள்ளான் இனங்கள் பலவற்றில் முதிர்ந்தவை முன்னே புறப்பட்டுவிடும். இளையவை, வழிகாட்டுவாரின்றிப் பிறவியில் அமைந்த திசையறிவொன்றையே துணைக்கொண்டு பின்னே வரும். அவ்வறிவு சிறிது பிறழினும் சேருமிடம் வேறாகும். வங்கக் கடலின் புயல்களும் பறவைகளைத் திசைமாற்றும். 2020 டிசம்பர் 2ஆம் நாள் திருக்கோணமலைக்கு வடக்கே கரைகடந்த புரெவி போன்ற சூறாவளிகளின்பின், நடுக்கடலில் வாழும் ஆலாக்கள் உள்நாட்டுக் குளங்களிலும் காணப்படுதல் உண்டு.

வேறொரு வகை அருமையும் உளது. ஆறுமணிக்குருவி எண்ணிக்கையிற் குறைந்ததன்று, கண்ணுக்கு அகப்படாதது. நாகணவாய்ப் புள்ளினும் சிறியது; பச்சை முதுகும், சிறகில் நீலமும், அடிவயிற்றிற் செம்மையும், குறுகிய வாலும் உடையது. புதர்நிழலிற் சருகைக் கிளறிப் புழுவுண்ணும். விடியலிலும் அந்தியிலும் ஏறத்தாழ ஆறுமணிக்குக் கூவுவதால் இப்பெயர் பெற்றது. இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் மழைக்காலத்திற் கூடுகட்டி, ஐப்பசியை ஒட்டி இரவிற் பறந்து இலங்கையை அடைகிறது. நெடும்பயணத்தாற் களைத்து விளக்கொளியால் மயங்கிய குருவி விறாந்தையிலோ மதிலடியிலோ விழுந்து கிடக்கும்; பூனைக்கும் காகத்திற்கும் அஃது எளிய இரை. அதன் வாயில் நீர் ஊற்றுதல் தீது. நீர் மூச்சுக்குழலிற் புகுந்து கொல்லும். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில், இருளில், ஓசையின்றிச் சில மணிநேரம் வைத்திருந்து, மாலையிற் புதரருகே விடின் பெரும்பாலும் தானே சென்றுவிடும்.

இப்பகுதியிலும் பணியாற்றிய பீரங்கிப்படை அலுவலர் வின்சென்ற் லெக் என்பார் இலங்கைப் பறவைகளைப் பற்றிய பெருநூலை 1880இல் நிறைவு செய்தார். அக்காலத்தில் அரிய பறவையைச் சுட்டு வீழ்த்தித் தோலைக் காட்டினாலன்றி அதன் வருகையை எவரும் ஏற்றிலர். இன்று காலில் இடும் வளையமும் முதுகிற் பொருத்தும் சிறு கருவியும் அவ்வேலையை உயிர்க்கொலையின்றிச் செய்கின்றன. மன்னாரில் கருவி பொருத்தப்பட்ட கடற்காகம் 2021இல் வட உருசியாவரை சென்றமை இவ்வாறே அறியப்பட்டது.

திருக்கோணமலையிலோ 1983 முதல் 2009 வரை நிலவிய போரால் கள ஆய்வு பெரிதும் தடைப்பட்டது. அவ்விடைக்காலத்தில் கொட்டியாரக் குடாவில் இறங்கிய அரும்பறவைகள் சில எவர் ஏட்டிலும் ஏறாமற் போயிருக்கக்கூடும். இக்குறையை நிரப்பப் பள்ளி மாணவனின் குறிப்பேடும் உதவும். பறவையின் பெயர் தெரியாவிடினும் நாள், நேரம், இடம், காற்றின் திசை, காலின் நிறம், அலகின் வடிவு என்பன எழுதப்பட்டிருப்பின், வல்லார் ஒருவர் பின்னர் அதனை இனங்காணக்கூடும். பெயரை மட்டும் எழுதி ஏனையவற்றை விடுத்த குறிப்பை ஆய்வாளர் ஏற்பதில்லை.