மூலிகைதானே, என்ன செய்யும்?

வளைகாப்பு முடிந்து எங்க அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறாள். போன வாரம் பப்பாளிப் பழத்தில் கை வைத்தாள். "ஐயோ, தொடாதே!" என்று பாட்டி தட்டையே பிடுங்கிவிட்டார். அதே பாட்டி மறுநாள் அக்காவின் இருமலுக்கு அதிமதுரக் கஷாயம் வைத்தார். இதுமட்டும் ஆகுமா என்று கேட்டேன். "மூலிகைதானேடி, என்ன செய்யும்?" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. உயிரியல் டீச்சரிடம் கேட்டு, தேடிப் படித்தேன். விஷயம் தலைகீழாக இருந்தது!

முதலில் பப்பாளி. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தார் எலிகளிடம் சோதித்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். நன்றாகப் பழுத்த பழச்சாறு குடித்த சினை எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் காயின் பால் பட்டதும் எலியின் கர்ப்பப்பைத் தசை இழுத்துச் சுருங்கியது. பழுக்கப் பழுக்க அந்தப் பால் குறைந்துபோகும். ஆக, பாட்டி பயந்தது பாதி சரி. காயும் செங்காயும்தான் ஆகாது.

அடுத்து அதிமதுரம். அதன் இனிப்புக்குக் காரணம் கிளிசிரைசின் என்ற பொருள். தாயின் உடம்பில் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் உண்டு. அது அளவுக்கு மீறிக் குழந்தையிடம் போகாமல் நஞ்சுக்கொடியில் ஒரு நொதி காவல் காக்கிறது. வாசலில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி! கிளிசிரைசின் அந்த வாட்ச்மேனின் கையைக் கட்டிப்போடுகிறது. பின்லாந்து நாட்டில் அதிமதுர மிட்டாய் நிறையத் தின்பார்கள். அங்கே 378 பிள்ளைகளை ஆராய்ந்து 2017-இல் எழுதினார்கள். கர்ப்பத்தில் வாரம் 500 மில்லிகிராமுக்கு மேல் கிளிசிரைசின் உட்கொண்ட தாய்மாரின் பிள்ளைகள், பதின்மூன்று வயது வாக்கில், அறிவுத்திறன் தேர்வில் பின்தங்கினார்களாம். இந்த ஓர் ஆய்வோடு மட்டும் முடிவு கட்ட முடியாது. ஒரு வாய் கஷாயம் குடித்தவர்கள் பயப்படவும் வேண்டாம். ஆனால் கடையில் விற்கும் பொடி, மாத்திரை, சுண்டக் காய்ச்சிய சாறு எல்லாம் வேறு கதை. ஒரு கைப்பிடி வேரின் சத்து ஒரு ஸ்பூனில் இறங்கிவிடும்.

இன்னொன்று. இதயம், கை, கால் எல்லாம் உருவாவது 3 முதல் 8 வாரத்துக்குள். அப்போது பலருக்குக் கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது.

நர்ஸ் அக்கா வந்தபோது கஷாயத்தைப் பற்றிச் சொன்னோம். உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார். பாட்டி முணுமுணுத்தபடியே சட்டியைக் கழுவி வைத்தார். பழுத்த பப்பாளியை மட்டும் அக்காவுக்கு இன்னும் கொடுக்கவில்லை. முழுசும் நான்தான் தின்றேன்.