பாதியில் நின்ற டாரண்ட்: அழித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டியதில்லை

நான்கு ஜிகாபைட் அளவுள்ள டெபியன் லினக்ஸ் டிவிடி கோப்பு ஒன்றை டாரண்ட் மூலமாக இறக்கிக்கொண்டிருக்கையில், தொண்ணூறு சதவிகிதம் முடிந்த தறுவாயில், மின்சாரம் நின்றோ, விண்டோஸ் தன் நீலத் திரையைக் காட்டியோ கம்ப்யூட்டர் திடீரென்று செயலற்றுப்போய், மறுபடி அதை இயக்கிப் பார்க்கும்போது அந்தப் பதிவிறக்கம் முப்பது சதவிகிதம் என்றோ பூஜ்யம் என்றோ காட்டுமானால், நம்மில் பெரும்பாலோர் முதலில் செய்கிற காரியம், இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு ஆதியிலிருந்து ஆரம்பிப்பதுதான். இதைவிட அனாவசியமான காரியம் வேறு இல்லை. இறங்கிய தகவலில் மிகப் பெரும் பகுதி ஹார்டு டிஸ்கில் பத்திரமாகவே இருக்கிறது. எது இருக்கிறது, எது இல்லை என்று எழுதி வைத்த குறிப்புத்தான் பழுதாகியிருக்கிறது.

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள, டாரண்ட் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சற்றே கவனிக்க வேண்டும். நாப்ஸ்டர் என்ற இசைப் பகிர்வு நிறுவனம், யாரிடம் எந்தப் பாட்டு இருக்கிறது என்ற அட்டவணையைத் தன் சர்வரிலேயே வைத்திருந்தபடியால், 2001 ஜூலையில் நீதிமன்ற உத்தரவின் காரணமாக அந்தச் சர்வரை நிறுத்தியதும் வலை முழுவதுமே ஸ்தம்பித்துவிட்டது. அதே மாதத்தில் பிராம் கோஹென் என்ற அமெரிக்க நிரலாளர் வெளியிட்ட பிட்டாரண்ட் வேறு மார்க்கத்தைக் கைக்கொண்டது. அதில் ஒரு கோப்பு சம அளவுள்ள துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டின் உள்ளடக்கத்தையும் ஷா-1 என்னும் கணித முறையில் சுருக்கி, ஹாஷ் எனப்படும் 20 பைட் முத்திரை ஒன்று கணக்கிடப்படுகிறது. இந்த முத்திரைகளின் வரிசைதான் நாம் முதலில் இறக்கிக்கொள்ளும் சின்னஞ்சிறு டாரண்ட் கோப்பின் பெரும் பகுதி. ஒரு ஜிகாபைட் கோப்பை ஒரு மெகாபைட் துண்டுகளாகப் பிரித்தால் 1024 துண்டுகள். அவற்றின் முத்திரைகளெல்லாம் சேர்ந்து 20,480 பைட்தான். முன்பின் அறியாத ஆயிரம் பேரிடமிருந்து 16 கிலோபைட் துணுக்குகளாக வந்து சேரும் தகவலை ஒன்றுகூட்டி, துண்டு பூர்த்தியானவுடன் அதன் முத்திரையைக் கணக்கிட்டு, டாரண்ட் கோப்பிலுள்ளதோடு ஒத்துப்போனால் ஏற்றுக்கொள்வதும், ஒரு பிட் மாறியிருந்தாலும் தள்ளிவிடுவதும்தான் இந்த மென்பொருளின் தர்மம். திருட்டுச் சினிமாவின் சகவாசத்தால் இதற்கு ஏற்பட்ட அபகீர்த்தி பெரிது. ஆனாலும் டெபியன், லிப்ரே ஆபீஸ் முதலிய திறந்தமூல அமைப்புகளும், ஏராளமான பழைய தமிழ்ப் புத்தகங்களைக் காத்துவரும் இன்டர்நெட் ஆர்க்கைவும் இன்றைக்கும் இதே வழியில் கோப்புகளை வழங்கிவருகின்றன.

பிறர் அனுப்பும் தகவலில் இவ்வளவு அவநம்பிக்கை கொண்ட இந்த மென்பொருள், தன் சொந்த ஞாபகத்தை மட்டும் எளிதில் நம்பிவிடுகிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எல்லாத் துண்டுகளையும் மறுபடி சோதிப்பது நேர விரயம் என்பதால், எந்தெந்தத் துண்டுகள் கைவசம் இருக்கின்றன என்பதை ரெஸ்யூம் கோப்பு என்ற தனிப் பதிவேட்டில் அவ்வப்போது குறித்துக்கொண்டு, அடுத்த முறை அதைக் கொண்டே காரியத்தைத் தொடங்குகிறது. முறைப்படி மூடப்பட்டால் இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மென்பொருள் ‘எழுது’ என்று கொடுத்த தகவலை இயங்குதளம் உடனே டிஸ்கில் எழுதிவிடுவதில்லை. லினக்ஸில் சாதாரணமாக 30 விநாடி வரையில் அது நினைவகத்திலேயே தங்கியிருக்கலாம். அதற்குப் பிறகும் டிஸ்க் தனக்கென வைத்திருக்கும் தற்காலிக நினைவகத்தில் சிறிது நேரம் நிற்கலாம். சரக்கு கிடங்குக்கு வந்து சேருமுன்பே வரவு எழுதிவிட்ட கணக்குப்பிள்ளையைப் போல, அந்த இடைவெளியில் மின்சாரம் போனால், பதிவேடு ஒன்று சொல்லும், டிஸ்கில் வேறொன்று இருக்கும்.

பதிவேடு பின்தங்கியிருந்தால் பெரிய நஷ்டமில்லை. இருக்கும் துண்டுகளையே மறுபடி இறக்க நேரும், அவ்வளவுதான். முந்திக்கொண்டிருந்தால்தான் விபரீதம். என்.டி.எஃப்.எஸ்., எக்ஸ்ட்-4 போன்ற கோப்பு முறைகள் திடீர் நிறுத்தத்துக்குப் பிறகு கோப்பின் பெயர், நீளம் முதலிய விவரங்களைச் சீர்படுத்திக்கொள்ள வல்லவையே தவிர, உள்ளே எழுதப்படவிருந்த தகவலுக்கு அவை உத்தரவாதம் அளிப்பதில்லை. ஆகவே வெளிப்பார்வைக்கு முழு நீளத்தோடு நிற்கும் கோப்பின் நடுவே வெறும் பூஜ்யங்கள் நிரம்பியிருக்கக்கூடும். பதிவேட்டை நம்பிய நம் மென்பொருள் அதையும் நல்ல துண்டென்றே பிறருக்கு அனுப்பும். பெற்றவர்கள் முத்திரை ஒவ்வாததைக் கண்டு தள்ளுவதோடு, கெட்ட தகவல் அனுப்பியவர் என்று நம் தொடர்பையே துண்டித்தும் விடலாம்.

ஆகையால் செய்ய வேண்டியது இதுதான். மென்பொருளைத் திறந்ததும் எல்லா டாரண்ட்களையும் நிறுத்திவைக்க வேண்டும். டிஸ்கிலேயே பழுது இருக்குமோ என்று சந்தேகம் தோன்றினால் விண்டோஸில் செக்டிஸ்க், லினக்ஸில் எஃப்.எஸ்.சி.கே. என்ற சோதனையை முதலில் நடத்திவிடுவது உத்தமம். ஆடும் அஸ்திவாரத்தின் மேல் செய்யும் எந்தச் சோதனைக்கும் மதிப்பில்லை. அதன் பிறகு க்யூபிட்டாரண்டில் ‘ஃபோர்ஸ் ரீசெக்’ என்றும், டிரான்ஸ்மிஷனில் ‘வெரிஃபை லோக்கல் டேட்டா’ என்றும் காணப்படும் கட்டளையைக் கொடுத்தால், மென்பொருள் பதிவேட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, டிஸ்கில் உள்ளதை முதல் பைட்டிலிருந்து படித்து, துண்டு துண்டாக முத்திரை கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறது. விநாடிக்கு நூறு மெகாபைட் படிக்கும் சாதாரண டிஸ்கில் நான்கு ஜிகாபைட்டுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. முடிவில் காட்டும் சதவிகிதமே நம்பத் தகுந்த கணக்கு. மீதியை மட்டும் இறக்கினால் போதும்.

சில சமயம் மென்பொருளிலுள்ள டாரண்ட் பட்டியலே காலியாகிவிடும். பதிவேடு எழுதப்படும் அதே கணத்தில் மின்சாரம் நின்றால் இப்படி நேர்வதுண்டு. அப்போதும் கலங்க வேண்டியதில்லை. அதே டாரண்ட் கோப்பை மறுபடி சேர்த்து, சேமிக்கும் இடமாகப் பழைய கோப்புறையையே காட்டினால், மென்பொருள் அங்கே இருப்பதைச் சோதித்து ஏற்றுக்கொள்ளும். டாரண்ட் கோப்புக்குப் பதிலாக மேக்னட் இணைப்பின் மூலம் தொடங்கியவர்களுக்கு அதே இணைப்பு வேண்டும். முத்திரைகளின் வரிசையைப் பிறரிடமிருந்து மென்பொருள் முதலில் பெற்றாக வேண்டுமாதலால் சற்றுக் காத்திருக்க நேரும். இந்த இடத்தில் மிகப் பலர் தடுக்கி விழுகிற இரண்டு குழிகள் உண்டு. ஒன்று, பல கோப்புகள் கொண்ட டாரண்ட் தனக்கென ஒரு கோப்புறையைத் தானே உண்டாக்கிக்கொள்வது. ஆகவே அந்தக் கோப்புறை எதற்குள் இருக்கிறதோ அதைக் காட்ட வேண்டுமேயன்றி, அதையே காட்டினால், அதற்குள் அதே பெயரில் இன்னொன்றைத் தேடிப் பார்த்துவிட்டுப் பூஜ்யம் என்று சொல்லிவிடும். மற்றொன்று, முடிவுபெறாத கோப்பின் பெயருக்குப் பின்னால் சில மென்பொருள்கள் ஒட்டிவைக்கும் வால். டிரான்ஸ்மிஷன் ‘பார்ட்’ என்ற அடையாளத்தைச் சேர்க்கிறது. வேறு மென்பொருளுக்கு மாறுகிறவர்கள் அதை நீக்கிப் பழைய பெயரைக் கொடுத்த பிறகே சோதனையைத் தொடங்க வேண்டும்.

சோதனைக்குப் பிறகும் 99 சதவிகிதத்தைத் தாண்டாமல் நிற்கும் டாரண்ட் தனி ரகம். துண்டுகளின் எல்லை கோப்புகளின் எல்லையை மதிப்பதில்லை. ஒரு கோப்பின் வாலும் அடுத்ததன் தலையும் ஒரே துண்டில் அடங்கியிருக்கும். ‘இது எதற்கு’ என்று நாம் அழித்துவிட்ட சிறு விளக்கக் கோப்பு, பக்கத்திலுள்ள பெரிய கோப்பின் கடைசித் துண்டையும் சேர்த்துக் கெடுத்துவிடும். பாட்டுக் கோப்புகளில் பாடகர் பெயரையும் ஆல்பம் படத்தையும் நமக்குத் தெரியாமலேயே திருத்தி எழுதிவிடும் மியூசிக் பிளேயர்களும் இவ்வகைக் குற்றவாளிகளே. காதுக்கு எவ்வித மாற்றமும் தெரியாது, முத்திரைக்கு மட்டும் தெரியும். இவையெல்லாம் கம்ப்யூட்டர் நின்றுபோனதால் நேர்ந்தவை அல்ல. நம் மனமோ எல்லாப் பழியையும் அந்தச் சம்பவத்தின் மேலேயே போட விரும்புகிறது. ஆனால் அதே கோப்பை அடுத்தடுத்துச் சோதிக்கும்போது ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு துண்டுகள் கெட்டவையாகத் தென்படுமானால், கோப்பை விட்டுவிட்டு ராம் நினைவகத்தைச் சந்தேகிக்க வேண்டும். மாறாத தகவலுக்கு மாறும் முத்திரை வராது. அப்படி வந்தால் படிக்கும் கருவியில்தான் கோளாறு. கம்ப்யூட்டர் நின்றுபோனதற்கே அதுதான் காரணமாகவும் இருக்கலாம். மெம்டெஸ்ட்-86 என்ற சோதனையை இரவு முழுவதும் ஓடவிட்டால் விடை கிடைக்கும்.

தகவல் சரியாக இருந்தும் மென்பொருள் திறக்கவில்லையென்றாலோ, ஒருவருடனும் தொடர்பு ஏற்படவில்லையென்றாலோ, அது வேறு கதை, சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மென்பொருள் ‘ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கிறேன்’ என்று பிடிவாதம் பிடித்தால், முறைப்படி மூடும்போது அழிக்கப்பட்டிருக்க வேண்டிய பூட்டுக் கோப்பு ஒன்று எஞ்சியிருக்கிறது. உண்மையில் இயங்கவில்லை என்று நிச்சயித்துக்கொண்டு அதை நீக்கலாம். ரவுட்டரும் சேர்ந்து அணைந்திருந்தால், கம்ப்யூட்டருக்கு வீட்டுக்குள் வேறு முகவரி கிடைத்திருக்கக்கூடும். ரவுட்டரில் நாம் முன்பு திறந்துவைத்த போர்ட் பழைய முகவரியையே பார்த்துக்கொண்டிருக்கும். விண்டோஸ் அதே வலையைப் புதியதென்று எண்ணிப் பொது வலையாகப் பதிவுசெய்துகொண்டால், ஃபயர்வால் வெளியார் எவரையும் உள்ளே விடாது. மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோன பழைய கம்ப்யூட்டரில், மின்சாரம் வந்த பிறகு தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விட, பிற பயனர்களின் முகவரிகளைத் தரும் டிராக்கர் சர்வர்களின் பாதுகாப்புச் சான்றிதழை மென்பொருள் ஏற்க மறுக்கும் வேடிக்கையும் உண்டு. தேதியைச் சரிசெய்தாலே பாதி வியாதி தீர்ந்துவிடும்.

பிட்டாரண்டின் இரண்டாம் பதிப்பு இந்தச் சங்கடங்களில் சிலவற்றை அடியோடு நீக்கிவிட்டது. அதில் ஷா-256 என்ற வலுவான முறையில் ஒவ்வொரு 16 கிலோபைட் துணுக்குக்கும் முத்திரை கணக்கிடப்படுகிறது. ஒவ்வொரு கோப்புக்கும் முத்திரை மரம் தனித்தனி. ஆகையால் ஒன்றின் பழுது அடுத்ததைத் தொற்றாது. க்யூபிட்டாரண்ட் 2022 ஜனவரியில் வந்த 4.4 பதிப்பிலிருந்து இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் பழக்கத்தில் இருப்பவற்றில் பெரும்பாலானவை இன்னும் முதற்பதிப்பு டாரண்ட்களே.

இவ்வளவு செய்தும் உடனே மீள முடியாத நிலை ஒன்று உண்டு. முழுப் பிரதி வைத்திருப்பவர் ஒருவர்கூட இணைப்பில் இல்லாதபோது, இருப்போர் அனைவரின் துண்டுகளையும் சேர்த்தாலும் கோப்பு பூர்த்தியாகாமல் போகலாம். ‘அவைலபிலிட்டி’ என்ற இடத்தில் ஒன்றுக்குக் குறைவான எண் காட்டுவது இதைத்தான். அப்போது நம்மிடம் பழுதாகிவிட்ட துண்டு வேறெங்கும் கிடைக்காமலும் போகலாம். அதற்காக எஞ்சியதை அழித்துவிடுவது சரியல்ல. சோதனையில் தேறிய ஒவ்வொரு துண்டும் பிறருக்குப் பயன்படக்கூடியதாகையால், டாரண்டை இயக்கத்திலேயே விட்டுவைப்பதுதான் முறை. முழுப் பிரதி வைத்திருப்பவர் சில நாள் கழித்துத் தம் கம்ப்யூட்டரைத் திறக்கும்போது, நமக்கு வேண்டிய அந்தத் துண்டை மென்பொருள் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும்.