ஓய்வு நாளின் வேலை

வேலூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் ஒடுகத்தூர். மலையில் பிறந்து பாலாற்றை நோக்கிச் செல்லும் உத்திர காவிரி அவ்வூர்ப் பக்கமாக ஓடுகின்றது. அங்கே வாரம் எப்பொழுது முடிகின்றது என்று கேட்டால் இருவகை விடை கிடைக்கும். மலைமேல் வாழும் உழவர்க்கு அது வெள்ளிக்கிழமை. அன்றுதான் ஒடுகத்தூரில் ஆட்டுச் சந்தை கூடுகின்றது. தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் சென்று வருவோர்க்கோ அது ஞாயிற்றுக்கிழமை. அந்த ஞாயிற்றுக்கிழமையை, வேலைக்குச் செல்லும் ஒரு தாய் எவ்வாறு கழிக்கின்றாள் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஞாயிறு விடுமுறை தொன்றுதொட்டு நம் நாட்டில் இருந்து வருவதென்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. அமாவாசையன்று ஏர் பூட்டாத வழக்கம் நம் சிற்றூர்கள் பலவற்றில் உண்டு. திருவிழா நாட்களில் வேலை நின்றதும் உண்டு. ஏழு நாட்களுக்கு ஒருமுறை தவறாது ஓய்வு என்பது ஆலைத் தொழிலாளர் கேட்டுப் பெற்றது. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் 1884-ஆம் ஆண்டிலேயே இக்கோரிக்கையை எழுப்பினார். 1890 ஏப்ரலில் அந்நகரில் கூடிய பெருங்கூட்டத்துக்குச் சுமார் 10,000 தொழிலாளர் வந்தனர். இரண்டு பெண் தொழிலாளரும் அங்கே எழுந்து பேசினர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஆலை முதலாளிகள் இணங்கினர். அடுத்த ஆண்டில் இயற்றப்பெற்ற தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையைச் சட்டமாக்கியது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்னும் எல்லையையும் வகுத்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டமும் அந்த 48 மணி எல்லையை மாற்றவில்லை.

இச்சட்டங்கள் எல்லாவற்றின் அடியிலும் சொல்லாமல் கிடக்கும் ஓர் எண்ணத்தை நாம் கவனித்தல் வேண்டும். ஆலையை விட்டு வெளியேறிய தொழிலாளி வீட்டுக்குப் போவான், அங்கே சோறு ஆயத்தமாக இருக்கும், துணி துவைத்திருக்கும், அவன் படுத்து உறங்குவான். சோறு ஆக்கியவர் யார், துணி துவைத்தவர் யார் என்னும் வினாவைச் சட்டம் எழுப்பவில்லை. ஆலைக்குச் செல்பவளே அந்த வீட்டுத் தாயாகவும் இருந்துவிட்டால்?

ஒடுகத்தூர் வட்டாரத்தில் இஃது ஏட்டளவிலான வினா அன்று. ஆம்பூரும் வாணியம்பாடியும் தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர்கள். மக்கள் ‘ஷூ கம்பெனி’ என்று வழங்கும் காலணித் தொழிற்சாலைகளில் தையல் வேலை செய்வோர் பெரும்பாலும் பெண்களே. சுற்றுப்புற ஊர்களிலிருந்து விடியற்காலையில் கம்பெனிப் பேருந்து ஏறி, மாலை இருட்டும் வேளையில் திரும்புகின்றனர். நாளொன்றுக்கு எட்டு மணியாக ஆறு நாட்கள் உழைத்தால் 48 மணி நிறைவு பெறும். ஆதலின் சனிக்கிழமையும் அவர்களுக்கு வேலை நாளே. வார இறுதி என்று நாம் இரண்டு நாட்களைச் சேர்த்துச் சொல்வது அவர்கள் திறத்தில் பொருந்தாது. சனி இரவும் ஞாயிறுமே அவர்களுக்குள்ள வார இறுதி.

அத்தகைய தாய் ஒருத்தியின் சனி இரவை எண்ணிப் பார்ப்போம். அவள் வீடு சேர ஏழு மணி ஆகின்றது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலையில் பிள்ளைகளுக்கு இட்டிலி வேண்டும். அரிசியும் உளுந்தும் குறைந்தது நான்கு மணி நேரமாவது ஊறுதல் வேண்டும். ஏழு மணிக்கு ஊறப் போட்டால் பதினொரு மணிக்கு அரைக்கலாம். அரைத்து, உப்பிட்டுக் கரைத்து, கிரைண்டரைக் கழுவி வைப்பதற்குள் நள்ளிரவு ஆகிவிடும். அதன்பின் மாவு பொங்குதல் வேண்டும். உளுந்தோடு வந்த நுண்ணுயிர்கள் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, புளிப்பையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகின்றன. அவ்வாயுவே மாவை உப்பச் செய்கின்றது. நம் நாட்டு வெப்பத்தில் இதற்கு எட்டு மணி முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகும். மார்கழிக் குளிரில் இன்னும் மிகும். நள்ளிரவில் கரைத்த மாவு ஞாயிறு காலை எட்டு மணிக்கு முன் பொங்குவதில்லை. அவசரப்படுத்தினாலும் நுண்ணுயிர் கேளாது!

வீட்டு வேலைகள் இருவகைப்படும் என்பது இதனால் விளங்கும். பாத்திரம் துலக்குதல் போன்றவை கை உழைத்தவுடன் முடிந்துவிடும். மாவு பொங்குதல், துணி உலர்தல் போன்றவற்றில் கைக்கு வேலை சிறிது. காத்திருக்கும் காலமே பெரிது. காலத்தோடு தொடங்காவிட்டால் இவ்விரண்டாம் வகை வேலைகள் நாளையே விழுங்கிவிடும். ஞாயிறு காலை பத்து மணிக்குத் துவைத்த பள்ளிச் சீருடை சித்திரை வெயிலில் நண்பகலுக்குள் உலர்ந்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது அது திங்கள் காலையிலும் ஈரமாகவே இருக்கும். தாய் இஸ்திரிப் பெட்டியால் அதன் ஈரத்தைப் போக்கிக்கொண்டிருப்பாள். கறிக்கடையில் ஞாயிறு காலைக் கூட்டம், பிள்ளைகளின் எண்ணெய் முழுக்கு, அடுத்த வாரத்துக்கு வேண்டிய மளிகை, முதியோரின் மருந்து, உறவினர் வீட்டு மஞ்சள் நீராட்டு, பையனின் பள்ளி வரைபடம் ஆகியவையெல்லாம் அந்த ஒரே நாளில்தான் வந்து நிற்கின்றன.

இவற்றைச் செய்வதைக் காட்டிலும் இவற்றை நினைவில் வைத்திருப்பது கடினம் என்பது என் கருத்து. எது முன், எது பின், எது எரிகின்ற அடுப்போடு சேர்த்துச் செய்யத்தக்கது என்பதெல்லாம் அவள் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. தொழிற்சாலையில் இவ்வேலைக்கெனத் தனியே ஒரு மேற்பார்வையாளரைச் சம்பளம் கொடுத்து வைக்கின்றனர். வீட்டில் அதற்குப் பெயரும் இல்லை.

பெயரில்லாத இவ்வேலையை அளந்து பார்க்கும் முயற்சி நம் நாட்டில் காலம் கடந்தே தொடங்கியது. 1998-99-இல் ஆறு மாநிலங்களில் முதன்முதலாக நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நிகழ்ந்தது. தமிழ்நாடும் அவற்றுள் ஒன்று. நாடு தழுவிய கணக்கெடுப்பு 2019-இலும் மீண்டும் 2024-இலும் நடைபெற்றது. வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் 2019-இல் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் அதற்குச் செலவிட்டனர். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். 2024-இல் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. இரு திறத்தாருக்கும் குறைந்திருக்கின்றதே அன்றி இடைவெளி பெரிதும் குறையவில்லை. மேலும் இவை வேலையில் ஈடுபட்டோரின் கணக்கு. ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனோரில், நூற்றுக்கு 81 பெண்கள் ஈடுபட, ஆண்களில் 27 பேரே ஈடுபட்டனர். நாட்டு வருமானத்தைக் கணக்கிடும்போது இந்நிமிடங்கள் சேர்க்கப்படுவதில்லை. ஒரே சாம்பாரை உணவு விடுதியில் சமைத்தால் அது நாட்டின் உற்பத்தி. வீட்டில் சமைத்தால் கணக்கில் வராது.

சுமை குறையவே இல்லை என்று கூறுவதும் நேர்மையாகாது. ஆட்டுக்கல்லில் கைவலிக்க அரைத்த காலத்தைக் கோவையில் 1955-இல் உருவான மாவரைக்கும் இயந்திரம் மாற்றத் தொடங்கியது. 2011-இல் தமிழக அரசு கிரைண்டரையும் மிக்சியையும் விலையின்றி வழங்கத் தொடங்கிய பின் அவை குடிசைகளுக்கும் வந்தன. 2022-இல் தொடங்கி, அடுத்த ஆண்டில் விரிவாக்கப்பெற்ற பள்ளிக் காலை உணவுத் திட்டம் பல தாய்மாரின் வேலை நாள் காலையை எளிதாக்கியது. ஆயினும் பள்ளியில்லா ஞாயிற்றில் அவ்வுணவு இல்லை. 2023-இல் மகளிர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் திட்டம் வந்தபோது அதற்கு ‘உரிமைத் தொகை’ என்று பெயரிட்டனர். உதவி என்னாது உரிமை என்றது, ஊதியமில்லா உழைப்பு ஒன்று உண்டு என அரசு ஏற்றுக்கொண்டதாகும்.

மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடித் தாய்க்கு ஞாயிறு என்பது தனி நாளன்று. சாமை விளையும் கொல்லைக்கும் ஆடு மாடுகளுக்கும் கிழமை தெரியாது. அவள் வாரமெல்லாம் எண்ணி வைத்த வீட்டுத் தேவைகள் சந்தை நாளையே சார்ந்து நிற்கின்றன; மலையிறங்கி, விற்பதை விற்று, உப்பும் எண்ணெயும் வாங்கி, இருட்டுமுன் மீண்டும் மலையேறுதல் வேண்டும். கம்பெனிப் பேருந்தில் செல்பவளும் இவளும் ஒரே ஊரின் கடைத்தெருவில் நின்றாலும், முன்னவளுக்கு ஏட்டளவிலேனும் ஒரு விடுமுறை உண்டு.

இனி, இதைக் கேட்கும் மாணவர் ஒருவர் வீட்டுக்கு வருவோம். அம்மா சொன்னால் செய்கிறேன் என்று சொல்லும் நல்ல பிள்ளைகள் பலர். சொல்ல வேண்டியிருக்கும் வரையில், நினைவில் வைக்கும் சுமை அம்மாவிடமே இருக்கின்றது. ஒரு வேலையை முழுதும் தம்முடையதாக ஏற்றுக்கொள்வது வேறு. பள்ளியில்லாத சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு வீட்டிலிருக்கும் மகனோ மகளோ, யாரும் கூறாமலே அரிசியையும் உளுந்தையும் களைந்து ஊறப் போடுகின்றார் என்று கொள்வோம். ஆறு மணிக்கு அரைத்து, அரைப்பவரே கிரைண்டரையும் கழுவி வைத்துவிடுகின்றார். தாய் ஏழு மணிக்கு வாயிற்படி ஏறும்போது மாவு கரைத்து மூடியிருக்கின்றது. அது பொங்குவதற்கு அதே பத்து மணி நேரந்தான் ஆகும். ஞாயிறு காலை ஐந்து மணிக்கே ஆயத்தமாகிவிடும். ஒருவரும் ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டுவதில்லை. நள்ளிரவு வரை விழித்திருக்க வேண்டியவள் ஒன்பது மணிக்கு உறங்கச் சென்றிருப்பாள்.