தைரொயிட்டுச் சுரப்பியும் கொழுப்பிழையமும்

உண்ட உணவை எரித்து வெப்பமும் வலுவும் பெறுதல் உயிருடலின் இயல்பு. அவ்வெரிதலின் வேகத்தை வரையறுப்பனவற்றுள் தலையாயது, கழுத்தின் முன்புறத்தே மூச்சுக்குழலை அணைந்து கிடக்கும் தைரொயிட்டுச் சுரப்பியாகும். இச்சுரப்பி அளவிறந்து சுரக்குமாயின் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்வை பெருகும், மிக உண்டும் உடல் மெலியும். இந்நோயின் பெருவழக்கான வகையை 1835 ஆம் ஆண்டில் அயர்லாந்து மருத்துவர் றொபேட் கிறேவ்ஸ் விவரித்தார். இந்நோயாளர் ஓய்ந்திருக்கும்போதும் மிகுந்த ஒட்சிசனை நுகர்கின்றனர் என்பதை 1895 இல் ஜேர்மானிய மருத்துவர் மக்னஸ்-லெவி அளந்து காட்டினார்.

மெலிவு நிகழுமாறு யாதெனின், மிகுதியாய்ச் சுரந்த ஓமோன் அதிரீனலினின் ஆற்றலைக் கொழுப்புக் கலங்களிற் பெருக்குகின்றது. அதனாற் சேமித்த கொழுப்பு கரைந்து குருதியிற் கலக்கின்றது. தசைப்புரதமும் உடன் அழிகின்றது. ஈரல் குளுக்கோசை மிகுதியாய் வெளிவிட, இன்சுலினின் செயல் தளர்கின்றது. குருதியிலுள்ள கொலெஸ்தரோலோ விரைந்து அகற்றப்பட்டுக் குறைகின்றது.

கொழுப்பிழையம் வெறும் களஞ்சியம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1994 இல் நியூயோர்க்கில் ஜெப்றி பிறீட்மன் குழுவினர் இலெப்ரின் என்னும் ஓமோனைக் கண்டறிந்தபின் அக்கருத்து மாறியது. கொழுப்புக் கலங்கள் சுரக்கும் இலெப்ரின், சேமிப்பின் அளவை மூளைக்கு உணர்த்துவது. சேமிப்புக் குறையின் இலெப்ரினும் குறையும், பசி மிகும். அடிப்போநெக்ரின் என்னும் மற்றோர் ஓமோன் இன்சுலினின் செயலுக்குத் துணைபுரிவது.

மாத்திரையாலோ, கதிர்வீசும் அயடீனாலோ, சத்திரசிகிச்சையாலோ சுரப்பு அடக்கப்படுமிடத்து இம்மாற்றங்கள் மீள்கின்றன. எரிதலின் வேகம் தணிகின்றது, இன்சுலினின் செயல் சீர்ப்படுகின்றது, கொலெஸ்தரோல் உயர்கின்றது, எடை கூடுகின்றது. ஆயின், கொழுப்பிழைய ஓமோன்களைப் பற்றிய ஆய்வுகளின் முடிவுகள் ஒருமுகப்பட்டன அல்ல. சிகிச்சைக்குப்பின் இலெப்ரின் உயரக் கண்டோருமுளர், மாற்றமின்மை கண்டோருமுளர். கொழுப்பின் அளவு, ஆண் பெண் வேறுபாடு, தைரொயிட்டு ஓமோனின் நேர்ச்செயல் ஆகிய பல காரணங்கள் ஒருங்கே பிணைந்து நிற்றலின், ஓர் ஓமோனின் அளவைமட்டும் கொண்டு நோயாளரின் நிலையைத் துணிதல் பொருந்தாது.

இவ்விளக்கம் ஏட்டளவில் நிற்பதன்று. எடை கூடுவதைக் கண்டு அஞ்சி மருந்தைத் தாமே நிறுத்துவோர் உளர். அது பெரும் பிழை. கூடும் எடையிற் பெரும்பங்கு, நோய் கவர்ந்த தசையும் கொழுப்பும் மீண்டு வருதலேயாம். எஞ்சுவதற்குக் காரணங்கள் இரண்டு. எரிதல் தணிந்த பின்னும் நோய்க்காலத்து உண்டிப் பழக்கம் தொடர்தல் ஒன்று. சிகிச்சை மிகுந்து சுரப்பு வேண்டிய அளவினுங் குன்றுதல் மற்றொன்று. முன்னையதற்கு மருந்து உணவடக்கமும் உடற்பயிற்சியும். பின்னையதை உரிய காலத்துக் குருதிப் பரிசோதனை வெளிப்படுத்தும், மருத்துவர் அளவைத் திருத்துவர். மருந்தைக் கைவிட்டாலோ இதயத்துடிப்பு ஒழுங்கிழக்கவும், என்பு நலியவும் கூடும்.

விளக்கின் திரியைத் தாழ்த்தியபின்னும் முன்போல எண்ணெய் வார்த்தால் அது வழியும். வழிகின்றதே என்று திரியை மீண்டும் தூண்டிக் கூரையைத் தீக்கிரையாக்குவார் இலர். வார்க்கும் கையை அடக்குதலே அறிவுடைமை.