யானைக்கு 48 நாள், மனிதனுக்கு?

காவிரிக்கு வடபால் திருவரங்கம். அங்கே கட்டுத்தறியில் வாழும் கோயில் யானை ஆண்டாளைத் தேக்கம்பட்டிப் ‘புத்துணர்வு முகாமு’க்கு அழைத்துச் சென்றதுண்டு. குளியல், தீனி, மருந்து; 48 நாள் முடிந்ததும் லாரியேற்றி ஊர் சேர்த்தார்கள். வாயில்லாப் பிராணி, வேண்டாமென்றா சொல்வோம்?

ஆற்றுக்குத் தென்பால், திருச்சி மத்தியச் சிறை வளாகத்திலும் ஒரு முகாம் உண்டு. ‘சிறப்பு முகாம்’! என்ன சிறப்போ!

இராசீவ் கொலை வழக்கில் 1991இல் பிடிபட்ட ஈழத்தமிழர் சாந்தனை, 2022 நவம்பர் 11இல் உச்சநீதிமன்றமே விடுவித்தது. வேலூர்ச் சிறைக் கதவு திறந்தது. திருச்சி முகாம் கதவு மூடிற்று. அயல்நாட்டாராம், 1946ஆம் ஆண்டுச் சட்டமாம்! தண்டனை என்றால் முடிவுநாள் உண்டு. இதற்கு அதுவும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் தாய் காத்திருந்தார். பயணத்துக்கு அனுமதி வந்தது. 2024 பிப்ரவரி 28இல் சென்னை மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. தாயிடம் உடலைத்தான் அனுப்பினார்கள்.