பொன்னின்மேல் இரண்டு அணுக்கள்

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைப் பக்கம் பொன்னம்பலவாணேசரைத் தரிசிக்கச் செல்லும்போதெல்லாம், புறக்கோட்டையில் இறங்கிச் செட்டியார் தெரு வழியே நடப்பது என் வழக்கம். அங்குள்ள எந்தப் பொற்கொல்லரைக் கேட்டாலும், பாதரசத்தின் அருகே பொன்னை வைக்கலாகாது என்பார். இரசம் பட்ட மாத்திரத்தில் பொன் வெளுத்துவிடும். இரண்டும் அத்துணை இறுக ஒட்டிக்கொள்ளும்.

இந்த ஒட்டுறவையே உரைகல்லாகக் கொண்டு, 112ஆம் மூலகத்தின் குலத்தை விஞ்ஞானிகள் சோதித்தனர். 2010இல் கொப்பர்னீசியம் எனப் பெயர் பெற்ற அது, மூலக அட்டவணையில் இரசத்துக்கு நேர் கீழே இருப்பது. எனவே குணமும் ஒத்திருக்கவேண்டும். ஆனால் பிற்சர் என்னும் அமெரிக்க அறிஞர் 1975இலேயே ஓர் ஐயத்தைக் கிளப்பினார். இத்தகைய பார அணுக்களில் இலத்திரன்கள் ஒளியின் வேகத்தில் பெரும் பங்கை எட்டிவிடுவதால், அவை எதனோடும் சேராத மந்த வாயுக்களைப்போல ஒழுகக்கூடுமாம். அட்டவணையின் சட்டம் அங்கே நிற்குமா, முறியுமா?

குடுவையிலிட்டுக் கலக்கிப் பார்க்கப் பொருள் ஏது! பல நாள் முயன்றால் ஓரிரு அணுக்கள் பிறக்கும். அவற்றின் அரைவாழ்வோ ஏறத்தாழ நான்கே விநாடி. ஆகவே ரஷ்யாவின் டுப்னா நகரில், சுவிஸ் விஞ்ஞானிகளும் சேர்ந்து வேறொரு வழி கண்டனர். புளூட்டோனியத்தின்மேல் கல்சியக் கருக்களை மோதவிட்டு, அதன் பயனாய்த் தோன்றும் அணுவை மந்த வாயுவின் ஓட்டத்தில் மிதக்கவிட்டனர். அவ்வாயு செல்லும் ஒடுங்கிய பாதையில் பொன் பூசியிருந்தது. அதன் ஒரு முனை மிதமான வெப்பம். மறு முனை பூச்சியத்துக்குக் கீழ் 180 பாகையளவு குளிர். இரசத்தையும் ரேடன் வாயுவையும் அதே பாதையில் ஓடவிட்டு அளவுகோலாக்கிக்கொண்டனர். இரசம் வாயிலிலேயே பொன்னைப் பற்றிக்கொண்டது. ரேடன் கடைக்கோடிக் குளிர்வரை நில்லாது ஓடிற்று.

2007இல் முடிவு வெளியாயிற்று. அகப்பட்டவை இரண்டே அணுக்கள். ஒன்று பூச்சியத்துக்குக் கீழ் 28 பாகையிலும் மற்றது 5 பாகையிலும் பொன்னில் தங்கின. இரசத்தின் பிள்ளைதான், பிடி மட்டும் சற்றுத் தளர்ந்தது.

ரேடன் என்றதும் எனக்கு ஆனந்த குமாரசுவாமியின் நினைவு வந்தது. சிவ தாண்டவத்தை மேனாட்டாருக்கு விளக்கியவராகவே நாம் அவரைப் போற்றுகிறோம். கொழும்பில் 1877இல் பிறந்த அவர் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதல் இயக்குநராயிருந்ததைப் பலரும் மறந்துவிட்டோம். எனக்கு இது ஒரு குறையாகவே தோன்றுகிறது. அவர் காலத்தில், 1904இல், சப்பிரகமுவாவிலே கிடைத்த கரிய, கனத்த கல்லே தோரியனைற். இலண்டனில் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் ஓட்டோ ஹான் என்னும் ஜெர்மானிய இளைஞர் அக்கல்லில் ரேடியத்தைத் தேடப் புகுந்து, 1905இல் ரேடியோதோரியத்தைக் கண்டார். தராசுக்கு அகப்படாத அச்சிறு பொருளை, அது இடையறாது வெளிவிடும் வாயுவே காட்டிக்கொடுத்தது. ரேடனின் ஒரு வகையான அவ்வாயு 56 விநாடியில் பாதியாகிவிடும்.

கொட்டாஞ்சேனைக் கோயிலைக் கருங்கல்லால் எழுப்பியவர் குமாரசுவாமியின் அத்தை மகனான சேர் பொன்னம்பலம் இராமநாதன். கருங்கல்லிலும் அற்ப அளவு தோரியம் உண்டு. சென்ற வெள்ளிக்கிழமை தூணோரம் நின்றபோது இதை எண்ணிக்கொண்டேன். அத்தூணிலிருந்து அக்கணம் எழுந்த வாயுவில் பாதி, தட்டில் எரிந்த கற்பூரம் அணையுமுன்னே மறைந்திருக்கும்.